குளிசை விரதத்தை முறிக்காது

வெள்ளவத்தை,
செப்ரெம்பர் 28

அன்புத் தங்கை உஷாந்திக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் மாமனார் போன துக்கத்தில் நீயும் சுகிர்தனும் ஹம்சிகாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களோ என்றுதான் எனக்கு யோசனை. செத்தவீட்டில் உன் பக்கத்தில் இருந்து நாலு வார்த்தை கதைக்கவில்லை. வந்தேன், அழுதேன், தோய்ந்து குளிக்கவேண்டும் என்று ஓடிவந்துவிட்டேன். கோபிக்காதே.

இந்தக் கிழமை கேதார கௌரி விரதம் தொடங்குகிறது. அது முடிந்த கையோடு கந்தசஷ்டி. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப்போகிறேன். மாமாவின் முப்பத்தோராம் நாள் கழியும்வரை உனக்குத் துடக்கு, விரத வீட்டுக்கு நீ வர ஏலாது. கொட்டாஞ்சேனை என்ன, கொழும்புக்கு வெளியிலா இருக்கிறது? இருந்தாலும் முறை முறைதானே.

போனும் எடுக்காதே. வினோதன் ஜூன் மாதம் கடைசியாக எடுத்தபோது இரண்டு தரம் லைன் கிடைக்கவில்லையாம். மூன்றாம் தரம் கிடைத்து ஒரு நிமிடம் கதைத்தான். எந்த நாட்டில் நிற்கிறான் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போன இடம், அவ்வளவுதான். "ஏனம்மா உங்கட லைன் எப்பவும் பிசி?" என்று கேட்டான். அன்றைக்கு நான் கதைத்துக்கொண்டிருந்தது உன்னோடு. அதனால் அவன் எடுக்கும்வரை இந்தப் போனை வேறு எவருக்கும் தொடமாட்டேன் என்று நேர்ந்துவிட்டேன். மெசேஜும் வேண்டாம். அது சத்தம் போடும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வருகிறது.

தபால்காரர் இன்னும் இருக்கிறார். எழுது.

உன் அக்கா,
யோகமலர்


கொட்டாஞ்சேனை,
ஒக்ரோபர் 2

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் கும்பிடுகிறேன். துடக்கு வீட்டுக் கடிதம் விரத வீட்டுக்குள் வரலாமோ? எதற்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் படியுங்கள்.

லைன் விஷயம் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் கதைத்தது புளி விலையைப் பற்றி. இனி எடுக்கமாட்டேன்.

கொச்சிக்கடை அந்தோனியாருக்குத் துடக்கு இல்லைத்தானே. செவ்வாய்க்கிழமை போய் வினோதன் பெயரில் மெழுகுதிரி கொளுத்தினேன். கூட்டத்தில் பாதி எங்கட சனம்தான்.

அக்கா, விரதம் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் போன வருடம் ஆறு நாள் சஷ்டிக்கே குசினியில் விழுந்த ஆள் நீங்கள். அத்தானைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை, புதுக்கடைக் கோர்ட்டில் கிளாக்காக எழுதிக் குவித்த மனுசன், நீங்கள் சொல்வதெல்லாம் அவருக்குத் தீர்ப்பு. தேத்தண்ணியையாவது விடாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு தரம் குடிக்கிற உடம்பு அது.

அன்புடன்,
உஷா


வெள்ளவத்தை,
ஒக்ரோபர் 8

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை. அத்தானுக்கும் எனக்கும் சுகம். செத்தவீட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற ஹம்சிகாவுக்குத் தடிமன் மாறியதோ?

தேத்தண்ணியை விட்டுத்தான் பிடிக்கிறேன். எனக்கு எது விட முடியாதோ அதைத்தானே விடவேண்டும்? பின்னேரம் ஒரு நேரச் சாப்பாடு. இரண்டாம் நாளே தலையிடி பிடித்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் யாரோ இருந்து தள்ளுவது மாதிரி. கோயிலில் ஐயரைக் கேட்டேன். "குளிசை சாப்பாடில்லையம்மா, அது விரதத்தை முறிக்காது, தாராளமா எடுங்கோ" என்றார். அதனால் அஸ்பிரினைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன். தலையிடி விட்டுவிடுகிறது. உடம்பும் லேசாகிறது.

ஒரு விஷயம், சிரிக்காதே. மூன்று நாளாகக் காதுக்குள் ஒரு சத்தம். முதலில் மரைன் டிரைவ் பக்கம் கடல் இரைகிறது என்று நினைத்தேன். யன்னலைப் பூட்டினாலும் கேட்கிறது. தூரத்தில் யாரோ சங்கு ஊதிக்கொண்டே இருப்பது போல, மூச்சு விடாமல். பயமாக இல்லை. கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் போலிருக்கிறது.

உன் அக்கா,
மலர்


கொட்டாஞ்சேனை,
ஒக்ரோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். ஹம்சிகாவின் தடிமன் இப்போது அவளுடைய அப்பாவுக்கு.

சிரிக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெறும் வயிற்றில் காதடைக்கும் என்று எங்கட அம்மா உயிரோடு இருந்த காலத்திலேயே சொல்லுவா. ஒரு நாளைக்கு எத்தனை குளிசை எடுக்கிறீர்கள்? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுதுங்கள்.

சுகிர்தன் ஏஜென்சிக்காரனின் கந்தோருக்குப் போய்ப் பார்த்தார். கதவில் பூட்டு. பக்கத்துக் கடைக்காரர் சிங்களத்தில் "அய்யே, ஏ அய கியா" என்று கையை விரித்தாராம், அவர்கள் போய்விட்டார்களாம். இதை எழுதவா விடவா என்று இரண்டு நாள் இருந்தேன். மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

உங்கள்,
உஷா


வெள்ளவத்தை,
ஒக்ரோபர் 15

அன்புத் தங்கை உஷாந்திக்கு,

நலம். நலம் என்று எழுதுவதே குறைவு. எனக்குப் புதுசாக ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

உடம்பு அனலாகக் கொதிக்கிறது. சட்டை நனைந்து மாற்றினால் அதுவும் நனைகிறது. மாடிப்படி ஏறாமலே மூச்சு வாங்குகிறது. ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, சாமியறைக்கும் பல்கனிக்கும் நடந்தபடி நிற்கிறேன். களைப்பு என்றால் அப்படியொரு களைப்பு, ஆனால் படுக்க விடாமல் ஏதோ எழுப்புகிறது. சங்குச் சத்தம் இப்போது பகலிலும் உண்டு.

கீழ்வீட்டில் சுதர்சினி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், ஹட்டன் பக்கம், புடவைக் கடையில் வேலை. புருஷன் லோகேஸ்வரன் கட்டார் நாட்டில். ஒரு மாதமாக அவனிடமிருந்து கதை இல்லை என்று அழுதுகொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் அழுகையை விட்டுக் கையைக் கூப்பினாள். "அம்மா, உங்க மேல யாரோ வந்து நிக்கிறாங்க" என்று காலில் விழுந்தாள். என் வாய் தானாகச் சொன்னது, "வெள்ளிக்குள்ள கதைப்பான்" என்று. வெள்ளிக்கிழமை அவன் எடுத்துவிட்டான், உஷா! அதிலிருந்து இந்தத் தொடர்மாடியில் நாலைந்து பேர் வந்து கேட்டுவிட்டார்கள்.

நான் எனக்காகக் கேட்டது ஒன்றுதான். கண்ணை மூடிக் கேட்டேன். "இருக்கிறான், வருவான்" என்று சத்தத்துக்குள்ளிருந்து வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் அழாமல் இருந்தேன்.

ஏஜென்சிக்காரன் பூட்டிக்கொண்டு போனால் போகட்டும்.

மலர்


கொட்டாஞ்சேனை,
ஒக்ரோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் சுகம் இருக்கட்டும். உங்கள் சுகம்தான் எனக்கு வேண்டும்.

கோபிப்பீர்கள் என்று தெரிந்தே செய்தேன். நான் பிரஷர் மருந்து எடுக்கிற டொக்டர் நிம்றாவிடம் உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் வாசித்தேன். பாதியிலேயே நிறுத்தி "அவங்க அஸ்பிரின் எத்தனை எடுக்கிறாங்க?" என்று கேட்டார். நான் இன்னும் குளிசையைப் பற்றிச் சொல்லவே இல்லை.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். நாம் சாப்பிடுவதை உடம்பின் ஒவ்வொரு கலமும் எரித்துத்தான் சக்தி எடுக்கிறது. ஓ.எல். விஞ்ஞானத்தில் கலத்துக்குள் இருக்கிற இழைமணி என்று படம் கீறினோமே, அந்த வேலை அங்கேதான். அஸ்பிரின் அளவுக்கு மேல் உடம்பில் சேர்ந்தால் எரிவது நிற்காது, இன்னும் கூடத்தான் எரியும். ஆனால் சக்தியாகச் சேராமல் எல்லாம் வெறும் சூடாகப் போய்விடுமாம். அடுப்பு முழுதாக எரிகிறது, பானை நிலத்தில் இருக்கிறது. உங்களுடைய அனலும் வியர்வையும் மூச்சும் களைப்பும் அதுதான். காதில் சத்தம் முதலில் வருகிற அடையாளம். விரத உடம்பில் எரிக்க ஒன்றும் இல்லாததால் மூளைக்குப் போகிற சீனியும் குறையும், ஆள் தடுமாறும், பிறகு நினைவு தப்பும் என்றார். இருதயக்காரர்கள் டொக்டர் சொல்லி எடுக்கிற சின்னக் குளிசை வேறு கதை. இது அப்படி இல்லை.

துடக்கோடு வந்தால் கதவைத் திறக்கமாட்டீர்கள், போனும் எடுக்கமாட்டீர்கள், எழுதத்தான் முடிகிறது. அக்கா, இன்றைக்கே நிறுத்துங்கள். நிறைய நீர் குடித்து, அத்தானோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை குளிசை என்று கேட்டேன், நீங்கள் எழுதவில்லை.

உங்கள் உஷா


வெள்ளவத்தை,
ஒக்ரோபர் 22

உஷாந்திக்கு,

என் கடிதத்தை ஒரு பிறத்தியாருக்கு வாசித்துக் காட்டினாயோ? நல்லது. காப்புக் கட்டியாயிற்று. இன்றைக்குச் சஷ்டி தொடங்கிவிட்டது. மிளகும் தண்ணீரும்தான்.

சுதர்சினியின் புருஷன் வெள்ளிக்கிழமை எடுத்ததும் இழைமணியோ? உன் டொக்டரைக் கேட்டு எழுது.

எல்லாம் குளிசை என்கிறாய். அப்படியென்றால் "இருக்கிறான்" என்று எனக்குச் சொன்னது எது? அதுவும் குளிசையோ? ஒரு தாயிடம் என்ன சொல்கிறாய் என்று யோசித்துத்தான் எழுதினாயோ? உன் பிள்ளை உன் பக்கத்தில் படுத்திருக்கிறாள். உனக்கு இழைமணி போதும். எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

எழுத்துக் கோணினால் பொறு. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லு. போன கிழமை கனக்க நேரம் நின்றவ, தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.


வெள்ளவத்தை,
ஒக்ரோபர் 23

மதிப்புக்குரிய மச்சாள் உஷாந்தி அறிவது,

யாவரும் சுகம் என நம்புகிறேன். தங்கள் மாமனாரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளுக்கு விரதம் காரணமாகச் சமுகமளிக்க இயலாமைக்கு வருந்துகிறேன்.

தங்கள் கடிதம் வந்ததிலிருந்து தங்கள் அக்கா மிகவும் கலக்கமடைந்துள்ளா. தயவுசெய்து அவவின் நம்பிக்கைக்குக் குந்தகமான விடயங்களை எழுத வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். அவவிடம் ஏதோ அருள் உண்டென்பதை நான் நேரிற் கண்டவன். வினோதனை அனுப்பச் சம்மதித்துக் கையொப்பமிட்டவனும் நான்தான். ஆகையால் அவவின் வாயிலிருந்து வருகிற அந்த ஒரு சொல் எனக்கும் தேவையாக இருக்கிறது.

சிரமம் யாதெனில், குளிசை வாங்குவது. இந்தப் பகுதிப் பாமசிக்காரர்கள் என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள், இனித் தர முடியாது என்கிறார்கள். பம்பலப்பிட்டி தாண்டியும் தெஹிவளை தாண்டியும் போய்க் கடைக்கு ஒரு குளிசைக் கார்டாக வாங்கவேண்டியுள்ளது. ஒரு கார்டு ஒரு நாளுக்குக் காணாது. கொட்டாஞ்சேனையில் இலகுவாகக் கிடைக்குமாயின் வாங்கித் தபாலில் அனுப்ப இயலுமா?

நேற்றுமுதல் என்னை வினோதன் என்று கூப்பிடுகிறா. நானும் ஓம் என்று சொல்கிறேன்.

இங்ஙனம்,
ச. நாகேந்திரம்


கொட்டாஞ்சேனை,
நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை வீட்டில் விட்டுவிட்டு வந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் எழுதுகிறேன். கஞ்சி குடிக்கிறீர்களோ? கால் வீக்கம் வற்றியதோ?

ஆஸ்பத்திரியில் நடந்தது ஒன்றும் நினைவில்லை, எழுது என்றீர்கள். எழுதுகிறேன்.

அத்தானின் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே வெளிக்கிட்டேன். முப்பத்தொன்றுக்குச் சமைக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள், சுகிர்தனின் அக்கா வாசலை மறித்து "துடக்கோட விரத வீட்டுக்குப் போறியோ? வந்த பிறகு இஞ்ச ஏறாத" என்றா. ஏறாமல் விட்டால் விடுகிறேன் என்று வந்துவிட்டேன். சுகிர்தன்தான் ஓட்டோவைக் கூப்பிட்டுத் தந்தார்.

நீங்கள் சாமியறையில் நாய் இளைப்பது போல இளைத்துக்கொண்டிருந்தீர்கள். சுற்றி ஐந்தாறு பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். நான் உள்ளுக்குள் காலை வைத்ததும் "துடக்கு, துடக்கு" என்று கத்தினீர்கள். பிறகு என்னைத் தெரியவில்லை. தூக்கும்போது கை சுட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளிக் காய்ச்சல் என்றுதான் முதலில் பார்த்தார்கள். அத்தானின் பையிலிருந்த வெறும் கார்டுகளை அவர்களின் மேசையில் கொட்டினேன். அதற்குப் பிறகு ஓட்டமாக ஓடினார்கள். சேலைன் ஏற்றி, இரத்தத்தில் ஏறியிருந்த அமிலத்தை இறக்க மருந்து ஏற்றி, சீனி ஏற்றி. இரண்டு நாள் நான் வராந்தாவில் இருந்து அந்தோனியாரையும் முருகனையும் மாறி மாறித் திட்டினேன்.

இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் இல்லை என்றார்கள், அக்கா. இதை நான் அங்கே உங்களுக்குச் சொல்லவில்லை.

உங்கள் உஷா


வெள்ளவத்தை,
நவம்பர் 13

அன்புத் தங்கைக்கு,

கஞ்சி குடிக்கிறேன். கால் வற்றிவிட்டது. தேத்தண்ணியும் குடிக்கிறேன், நாலு தரம். சுகிர்தனின் அக்கா உன்னோடு கதைக்கிறாவோ?

நீ செய்தது சரி. நான்தான் உயிரோடு இருக்கிறேனே, அதற்கு மேல் என்ன அத்தாட்சி. உன்னைக் கோபித்து எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு.

ஆனால் ஒன்று. காது இப்போது நன்றாகக் கேட்கிறது. கீழ்வீட்டு ரீவி, கோட்டைக்குப் போகிற ரயில், குசினியில் அத்தான் கரண்டி தேடுகிறது, எல்லாம். அந்தச் சத்தம் மட்டும் இல்லை. வினோதன் இருக்கிறானோ என்று கண்ணை மூடிக் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. நினைவு வந்த முதல் நாள் ஆஸ்பத்திரியிலும் கேட்டேன், உன்னிடம் சொல்லவில்லை.

காய்ச்சல் மாறியதற்கு ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு யாரோ செத்த வீடு மாதிரி இருக்கிறது.

உன் அக்கா,
மலர்


கொட்டாஞ்சேனை,
நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகிர்தனின் அக்கா கதைக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது, நன்மைதான். உங்கள் உடம்பு தேறுவது கேட்டுச் சந்தோஷம்.

உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். அவன் இருக்கிறான் என்று எழுத எனக்குத் தெரியாது. இல்லை என்று எழுதவும் தெரியாது. தேடுகிற இடங்களில் எல்லாம் அவன் பெயரைக் கொடுத்திருக்கிறோம், சுகிர்தன் திங்கட்கிழமை திங்கட்கிழமை போகிறார். தெரியாமல் இருப்பதைத் தெரியாமலேதான் சுமக்கவேண்டும் போலிருக்கிறது. தனியாகச் சுமக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

அடுத்த ஞாயிறு ஒடியல் கூழோடு வருகிறேன்.

உங்கள் உஷா


வெள்ளவத்தை,
நவம்பர் 20, மத்தியானம்

உஷா,

தபாலில் போட்டால் பிந்திவிடும். ஓட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். சுகம் விசாரிக்க இப்போது மனம் இல்லை, மன்னி.

காலையில் சுதர்சினி வந்தாள். தட்டோடு வந்தாள். வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகைப்பூ, நடுவில் அஸ்பிரின் கார்டு இரண்டு. "அவர் மறுபடி பேசவே இல்லீங்கம்மா. ஒரே ஒரு தடவ மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று அழுதாள். அது நஞ்சு, அருள் இல்லை, நான் செத்துப் பிழைத்தேன், டொக்டர்மார் சொன்னார்கள் என்று எல்லாம் சொன்னேன். "தெரியும்ங்கம்மா. ஆனா நீங்க சொன்னது பலிச்சிச்சே" என்கிறாள். வாயில் வந்தபடி திட்டி அனுப்பினேன். உடனே கதவைப் பூட்டினேன்.

தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

எறி என்பாய். இரண்டு தரம் எழும்பிப் போனேன். கையில் எடுத்ததும் அவனையே பல்கனியால் எறிவது போல வருகிறது. நாலைக் கரைத்துக் குடித்து, பின்னேரம் இன்னும் நாலு, நாளைக்கும் அப்படியே குடித்தால் போதும். அந்தச் சத்தம் வந்துவிடும். "இருக்கிறான்" என்று சொல்லும். பொய் என்று எனக்குத் தெரியும், உஷா. நீ எழுதினது ஒவ்வொன்றும் எனக்கு விளங்கினது. தெரிந்தும் என் பிள்ளை இருக்கிறான் என்று ஒரே ஒரு தரம் கேட்கவேண்டும் போல வாய் ஊறுகிறது.

அத்தானிடம் சொல்லு என்பாய். அவர் தட்டைக் கண்டார். என் முகத்தைப் பார்த்தார். குசினிக்குள் போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அறைக்குள் போய் இருக்கிறார்.

ஞாயிறு வேண்டாம். இந்த ஓட்டோவிலேயே ஏறி வா.

அக்கா